ஆப்பிரிக்காவில் ஓர் ஒப்புரவுக் கூட்டம்

“சண்டை போட்டுக்கிட்ட ரெண்டு பேரும் வெட்கப்படாம முன்னால வாங்க” என்றார் சபைச் செயலர்.

பக்கத்தில் நின்ற மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஆப்பிரிக்காவின் அந்தச் சிறிய ஆலயத்தில் ஒருவரும் எழவில்லை.

முன்னால் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். நடுவே பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர். விளிம்பில் மடித்துப் போட்ட துண்டு. பகையாளிகள் இருவரும் வந்து ஒருவர் காலை ஒருவர் கழுவிவிட வேண்டும். கடல் கடந்து வந்த மிஷன் பயணத்தின் உச்சக்கட்டம் இதுதான்.

செயலருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனாலும் தமிழில்தான் பிரசங்கம் செய்தார். ஊரில் வீடியோ போட்டுக் காட்டும்போது நம் சபையார் வாய் பிளக்க வேண்டும் அல்லவா? தவிர, மொழிபெயர்க்க ஓர் ஆள் பக்கத்தில் நின்றால் பேசுகிறவர் ஒரு முழம் உயர்ந்துதான் தெரிவார்.

ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கியிருந்தார். மன்னிப்பு, தாழ்மை, சகோதர அன்பு. கூடப் பிறந்தவனிடம் பேசாதவன் கடவுளிடம் பேசி என்ன பயன் என்று கேட்டபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

அந்த வரியை மட்டும் மகள் மெதுவாக மொழிபெயர்த்தாள்.

செயலரின் கூடப் பிறந்த தம்பி பத்தடி தள்ளி, வலப்பக்க பெஞ்சில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் ஊர்ப் பாடகர் குழுவின் தலைவர். அண்ணனும் தம்பியும் பேசி ஆறேழு வருடமாகிறது. ஊர் ஆலயத்துக்கு வாங்கிய புதுக் கீபோர்டைப் பீடத்துக்கு இடப்பக்கம் வைப்பதா, வலப்பக்கம் வைப்பதா என்பதில் தொடங்கியது. கீபோர்டு எப்போதோ பழுதாகி மூலைக்குப் போய்விட்டது. சண்டை மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது.

அதை இங்கேயும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். போன வருடமும் சரி, இந்த வருடமும் சரி, இரண்டு வேன், இரண்டு பேனர். இரண்டிலும் ஒரே சபையின் பெயர், வேறு வேறு முகம். அண்ணன் ஆட்கள் ஓர் உள்ளூர்க் கிழவரின் கையைக் குலுக்கிப் படம் எடுத்து நகர்ந்ததும், தம்பி ஆட்கள் வந்து அதே கிழவரின் அதே கையைக் குலுக்கிப் படம் எடுப்பார்கள்.

மகளுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். வருகிற மாதம் அவளுக்குக் கல்யாணம். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த சித்தப்பாவைக் கூப்பிட அப்பா ஒப்பவில்லை.

“அவன் வந்தா நான் வரமாட்டேன். உனக்கு யாரு வேணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ.”

கெஞ்சிப் பார்த்தாள். பட்டினி கிடந்து பார்த்தாள். அப்பா மசியவில்லை.

ஆலயத்தில் இன்னும் யாரும் எழவில்லை.

“பாவம், கூச்சப்படுறாங்க. படிப்பறிவு கம்மி இல்லையா, பகையை லேசுல விடமாட்டாங்க” என்று மகளின் காதில் விளக்கினார் செயலர்.

பகை தீர்ந்து ஒன்றுசேரும் ஒப்புரவைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டது இந்தச் சபைதான். கேட்டதுமே, அங்கே இரண்டு கோஷ்டி இருக்கிறது என்று ஊரில் கமிட்டி ஒருமனதாக முடிவுகட்டியது. அந்தக் கமிட்டி ஒருமனதாக எடுத்த முடிவு அநேகமாக அது ஒன்றுதான்.

முதல் வரிசையிலிருந்து உள்ளூர்ப் போதகர் எழுந்தார். விருந்தாளியின் மனம் நோகக் கூடாதே என்ற கவலையோடு, தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் பேசினார்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை ஐயா, என்றார். போன வருடம் உங்கள் இருவரையும் பார்த்தோம். மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து வாராவாரம் உங்களுக்காக ஜெபிக்கிறோம். அந்த நாற்காலிகள் உங்களுக்காகப் போட்டவை.

செயலர் முகத்தில் ஈயாடவில்லை.

வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் எடுத்துக்கொண்டே இருந்தார்.

வலப்பக்க பெஞ்சிலிருந்து தம்பி எழுந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. பேசின் பக்கத்தில் முழங்கால் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

தாழ்மையில் தம்பி முந்திக்கொள்வதா? செயலர் பாய்ந்து போய், தானும் முழங்கால் போட்டு, பேசினைத் தன் பக்கம் இழுத்தார். தம்பி விடவில்லை. தண்ணீர் தளும்பி இருவர் மீதும் தெறித்தது.

“விடுடா! மூத்தவன் நான் இருக்கும்போது நீ முதல்ல கழுவுவியா? ஒழுங்கா உக்காந்து காலை நீட்டு!”

ஆறேழு வருடத்தில் அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு.

சபை முழுவதும் கழுத்தை நீட்டி மகளைப் பார்த்தது. ஐயா என்ன சொன்னார்?

மகள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அதுவரை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தவள் அவள்.

“என் மகள் கல்யாணத்தை நீதான் முன்னால் நின்று நடத்த வேண்டும் என்று தம்பியைக் கேட்டுக்கொள்கிறார்” என்று ஆங்கிலத்தில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. போதகர் அழுதேவிட்டார். பெண்கள் பக்கம் யாரோ பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள்.

செயலர் மகளை முறைத்தார். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். அத்தனை ஈரமான முகங்களும் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

திறந்த வாயை எதற்காவது பயன்படுத்தியாக வேண்டும்.

“ஆமென்” என்றார்.

அதற்குப் பிறகுதான் தம்பி பேசினை விட்டார்.