ஒரே கேபிள், ரெண்டு பேர்

"மாடிக்கு ஒரே கேபிள்தான் போகுது. இதுல ரெண்டு பேருக்கும் தனித்தனி நெட்வொர்க் வேணுமா?" என்று கேட்டார் டெக்னீஷியன்.

"ஆமாங்க. கீழ நான், மாடியில இவர். இவரோடது எதுவும் என் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது," என்றாள் அவள்.

"எனக்கும் அதேதான்," என்றான் அவன், சுவரைப் பார்த்தபடி.

டெக்னீஷியன் கீழும் மாடியிலும் கேபிளின் முனைகளில் இருந்த இரண்டு நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிகளிலும் வேலையை முடித்தார். "மேடம் டேட்டாவுக்குப் பத்துன்னும், சாரோடதுக்கு இருபதுன்னும் அடையாள டேக் போட்டிருக்கேன். ஒரே கேபிள்ல போனாலும் ஸ்விட்ச் டேக்கைப் பார்த்துப் பிரிச்சிடும்."

"கலக்கவே கலக்காதே?" இருவரும் சேர்ந்தே கேட்டார்கள்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. "சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பிரியறது சுலபம். கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பாருங்களேன்."

அவள் சிரித்துவிட்டாள். "நாங்க விவாகரத்து வாங்கி மூணு வருஷம் ஆச்சுங்க. இவர் மாடி டிவிக்கு அனுப்பின பேய்ப்படம், கீழ என் ஆபீஸ் மீட்டிங் ஸ்க்ரீன்ல ஓடிச்சு. முதலாளி நாற்காலியோட சாஞ்சிட்டார். எனக்கு வேலை போச்சு, இவருக்குப் பொண்டாட்டி போனா."

"அப்போ இது?"

"நாளைக்கு எங்களுக்கு மறுபடியும் கல்யாணம்," என்றான் அவன் வெட்கத்தோடு. "இதைச் சரிபண்ணாத்தான் கையெழுத்துப் போடுவேன்னு சொல்லிட்டா."

சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினான். சற்று நேரத்தில் மேலே பேய் அலறியது. கீழே அவளுடைய ஸ்க்ரீன் சலனமில்லாமல் இருந்தது. ஒரு நிமிடம் முழுதாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மாடிப்படியை நோக்கிக் கத்தினாள்: "சம்மதம்!"