கப்பலுக்கு ஆள் தேவை

அலுவலக கேன்டீன் சுவரில் அவள் ஒட்டிய தாளில், 'கடற்கொள்ளையர் கதை விளையாட்டு. ஞாயிறுதோறும் என் வீட்டில். விலகியவர்களுக்குப் பதில் மூன்று பேர் தேவை' என்று எழுதியிருந்தது.

"நாடகம் மாதிரியா மேடம்?" என்று கேட்டார் கேன்டீன் மாஸ்டர்.

"மேசையைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு வேஷத்துல பேசணும், பகடை உருட்டணும். கதையை நான் சொல்வேன்."

"அப்ப நான்தான் கேப்டன்!"

"கேப்டன் என் தம்பி. நீங்க சமையல்காரர்."

"இங்கதான் கரண்டின்னா கப்பல்லயும் கரண்டியா?" என்று சிரித்தார். "ஆமா, பழைய ஆளுங்க என்ன ஆனாங்க?"

"ஓடிட்டானுங்க. கோழைங்க."

"தம்பி அவ்வளவு முரடனா?"

"அவன் ஒரு பூச்சியைக்கூட அடிக்க மாட்டான். ஒரே நிபந்தனைதான் மாஸ்டர். பாதியில கேப்டன் செத்துடுவான். அப்ப யாரும் எழுந்து போகக் கூடாது. அவன் முன்னாடியே கைகாட்டி வெச்ச ஆள் தொப்பியை வாங்கி மாட்டிக்கிட்டு, கப்பலைக் கடைசிவரைக்கும் ஓட்டணும்."

"முடிவை முதல்லயே சொல்லிட்டீங்களே! சரி, எத்தனையாவது வாரம் சாவான்?"

சுவரிலிருந்து பிரிந்திருந்த தாளின் ஓரத்தை அவள் விரலால் அழுத்தினாள்.

"தம்பிக்குப் பத்து வாரம்தான்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

மாஸ்டர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். தாளில் 'மூன்று' என்பதை அடித்துவிட்டு, 'இரண்டு' என்று எழுதினார்.