வேறு நேரம் தேர்ந்தெடுக்கவும்

"அந்தக் காலண்டர் கோடிங்கைத் திறந்து காட்டுங்க சார்."

கேட்டவள் சண்முகவடிவு. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஹெச்.ஆர். கோகிலவாணி சொல்லி வைத்திருந்தாள்: "லீவு கேளு, இன்க்ரிமென்ட் கேளு, ஏ.சி. கூடக் கேளு. முதலாளி கைப்பட எழுதின காலண்டரை மட்டும் திறக்கச் சொல்லிடாதே."

முதலாளி பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன கேட்டே?"

"காலண்டர் சார். நீங்க எழுதினது."

செம்பூரில் மூன்றாவது மாடியில் இருந்த அந்தக் கம்பெனிக்கு ஒரே தொழில்தான். பழைய சாஃப்ட்வேரைப் பிரித்து, நல்ல பாகங்களைக் கழற்றி, அவற்றையே திரும்பத் திரும்பக் கோத்துப் புதுசு செய்வது. எதை வேண்டுமானாலும் பிரிக்கலாம். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் பஞ்சாபகேசன் எழுதிய காலண்டரை மட்டும் மூடிபோட்ட டப்பா மாதிரி அப்படியே தூக்கி வைக்க வேண்டும்.

அப்படித் தூக்கி வைத்துத்தான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கிளினிக்குக்கு வடிவு முன்பதிவு சாஃப்ட்வேர் செய்து கொடுத்தாள். அது ஒரு வாரமாகத் தினமும் ஒன்றரை மணி நேரம் யாருக்கும் இடம் தருவதில்லை. 'வேறு நேரம் தேர்ந்தெடுக்கவும்' என்று முரண்டு பிடித்தது. இன்று பன்னிரண்டு மணிக்குள் கிளினிக்குக்குக் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். பஞ்சாபகேசன் எழுதியும் விட்டார்: 'தவறு செய்தவர்: சண்முகவடிவு.'

அந்த வரி கிளினிக்குக்குப் போகக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். தாராவியில் அவள் வீட்டிலிருந்து காலேஜ் படியேறிய முதல் ஆள் அவள். செய்யாத தப்புக்குப் பேர் வாங்கவா படித்தாள்?

"நல்லா ஓடினப்ப நகுல் பண்ணினான்னு டெமோ குடுத்தீங்க. நின்னு போனதும் வடிவு பண்ணினாளா?"

முதலாளியின் அக்கா மகன் நகுல் பக்கத்து நாற்காலியில் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"என் காலண்டர்ல தப்பே வராது!" பஞ்சாபகேசன் மேஜையைத் தட்டினார். "மாட்டுங்கால இத்தனை கல்யாண மண்டபத்துல ஓடறது. இருபத்தாறு வருஷத்துல ஒரு கம்ப்ளைண்ட் வந்திருக்கா?"

"அங்க வராது சார். இங்க வந்திருக்கு. இப்ப மணி பதினொண்ணு நாப்பது. பதினொண்ணு ஐம்பதுக்கு எனக்கு ரத்தம் குடுக்க ஒரு இடம் போடுங்க, பாப்போம்."

பஞ்சாபகேசன் கம்ப்யூட்டரில் தட்டினார். 'வேறு நேரம் தேர்ந்தெடுக்கவும்.'

"பன்னிரண்டு அஞ்சுக்குப் போடுங்க."

கேள்வி கேட்காமல் இடம் கிடைத்தது.

"நெட் ஸ்லோ," என்றார்.

"நெட்டா? அப்ப லிஸ்ட் வாசிக்கேன், கேளுங்க. திங்கக்கிழமை ஏழரைலேர்ந்து ஒம்பது. வெறும் வயித்தோட வந்தவங்க எல்லாரும் கிளினிக் ரிசப்ஷன்ல கத்தியிருக்காங்க. சனி, ஒம்பதுலேர்ந்து பத்தரை. வெள்ளி, பத்தரைலேர்ந்து பன்னிரண்டு. புதன்..."

"பன்னிரண்டுலேர்ந்து ஒண்ணரை," என்றது பஞ்சாபகேசனின் வாய், தன்பாட்டுக்கு. திறந்த வாய் மூடவில்லை. "வியாழன் ஒண்ணரைலேர்ந்து மூணு. செவ்வாய் மூணு... ஈஸ்வரா!"

"க்யா ஹுவா மாமா?" என்ன ஆச்சு என்று நகுல் நிமிர்ந்தான்.

"ராகுகாலம்டா!"

பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாகப் போட்டு, நாலாவது தடவை டப்பாவைத் திறந்தார். உள்ளே, நாள்வாரியாக, பஞ்சாங்கம் பிசகாமல் உட்கார்ந்திருந்தது ராகுகாலம்.

"முதல்ல மண்டபத்துக்குன்னுதானே எழுதினேன்! எவனோ ராகுகாலத்துல நிச்சயதார்த்தத்துக்கு ஹாலைக் குடுத்துட்டான். ரெண்டு சம்பந்தியும் சேர்ந்து மேனேஜரைப் பிடிச்சு உலுக்கிட்டா. அவர் அழுதார், நான் அந்த நேரத்தைப் பூட்டினேன். சுத்தமா மறந்தே போயிடுத்து!"

"நல்லவேளை, எமகண்டத்தைப் பூட்டாம விட்டீங்க."

பஞ்சாபகேசன் தொந்தி குலுங்கச் சிரித்தார். விஷயம் பாதிதான் புரிந்தாலும் நகுலும் சிரித்தான். சிரித்த கையோடு அவர் பழைய வரியை அழித்தார். 'தவறு: காலண்டர் பாகம். எழுதியவர்: பஞ்சாபகேசன்.' வடிவு எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கிளினிக்குக்கு அனுப்பினார். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

"உக்காரும்மா," என்றார், குரலெல்லாம் வெல்லமாக. "என் பேர்லயே தப்புன்னு நின்னு காட்டிட்டே. இனிமே பழைய சாஃப்ட்வேர் எல்லாத்தையும் பிரிக்கிற வேலை உன்னோடது. காலண்டரையும் சேர்த்துத்தான். நீதான் ஹெட். நகுல் உனக்குக் கீழே."

"மாமா!"

"சுப் பைட்! வாயை மூடிண்டு உக்காரு!"

வடிவு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பன்னிரண்டைத் தாண்டி முள் நகர்ந்ததும் போனை எடுத்து எதையோ அழுத்தினாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"பையைத் தூக்கிண்டு எங்கே கிளம்பிட்டே? கம்பெனி மேல இத்தனை அக்கறையா ஒரு தப்பைத் தேடிக் கண்டுபிடிச்ச பொண்ணை நான் பார்த்ததே இல்லை!"

அவர் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

"நான் எங்க சார் தேடினேன்?" கதவைத் தாண்டிப் படியில் கால் வைத்தபடியே திரும்பினாள் வடிவு. "செவ்வாய் மூணேகால், புதன் பன்னிரண்டரை, நேத்து ரெண்டு மணின்னு மூணு தடவை நம்ம ஆபீஸ் போர்ட்டல்ல ராஜினாமா போட்டேன், அதுலயும் உங்க காலண்டர்தான், மூணு தடவையும் வேறு நேரம் பாக்கச் சொல்லிட்டுது... இப்பத்தான் ஏத்துக்கிட்டுது!"