வாசலில் இரண்டு ஜோடி

சுகிர்தாவின் கடற்கரை பங்களாவில் கேமரா எதுவும் கண்ணில் படாது. தேக்கு வாசல் நிலைக்குள் ஒளிந்திருந்த ஏதோ ஒரு கருவி, வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளை எண்ணியே உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளும்.

"ஒருவர் உள்ளே. பூட்டுகிறேன்" என்று தினமும் மாலையில் அது சொல்வதைக் கேட்கச் சகிக்காமல், இறந்துபோன கணவரின் செருப்பை எடுத்துவந்து தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இருவரும் உள்ளே. பூட்டுகிறேன்" என்றது வீடு.

ஐந்தாம் நாள் காலை, புதிதாகச் சேர்ந்திருந்த காவலாளி இருதயராஜ் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அம்மா, சார் நாலு நாளா வெளியவே வரலைன்னு வீடு தகவல் அனுப்பிச்சிருக்கு. உடம்புக்கு ஏதாச்சும்...?"

"அவர் தவறிப்போய் ஒரு வருஷமாச்சுப்பா."

இருதயராஜ் அந்தச் செருப்பைப் பார்த்தார். "எடுத்து உள்ள வெச்சிடட்டுங்களாம்மா?"

"வேண்டாம்" என்றாள் சுகிர்தா. "தினம் ஒரு தடவை நகர்த்தி வெச்சா வீடு நம்பிடுமா?"