நூலகரின் சைலன்சர்

கார் தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

"ஏட்டய்யா, அந்தக் காரை மடக்குங்க!" என்றார் டிராஃபிக் இன்ஸ்பெக்டரம்மா.

காலேஜ் பையன் எவனாவது இறங்குவான் என்று பார்த்தால், இறங்கியவருக்கு அறுபதை ஒட்டிய வயது. தலை முழுக்க நரை. சட்டைப்பையில் இரண்டு பேனா.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"லைப்ரரியன் மேடம்."

ஏட்டு குபீரென்று சிரித்துவிட்டார். "பகல் பூரா மத்தவங்க வாயை அடைச்சிட்டு, சாயங்காலம் இப்படியா சார்?"

அவர் லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

இன்ஸ்பெக்டரம்மா குனிந்து பார்த்தார். காரோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, வாய் அகன்ற குழாய் ஒன்று மாட்டப்பட்டிருந்தது.

"இது சட்டப்படி குற்றம்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சேதானா? தெருவுல கைக்குழந்தை இருக்கும், நெஞ்சுவலிக்காரங்க இருப்பாங்க. இந்த வயசுல இளவட்டம்னு நினைப்பா உங்களுக்கு?"

"தப்புதான். ஃபைன் போடுங்க."

எதிர்த்துப் பேசியிருந்தால்கூட இன்ஸ்பெக்டரம்மாவின் கோபம் ஆறியிருக்கும். இந்த அடக்கம் அவரை இன்னும் சீண்டியது.

"ஏழு நாள் டைம். பழைய சைலன்சரை மாட்டிட்டு வந்து காட்டணும். இல்லேன்னா வண்டி ஸ்டேஷன்லதான் நிக்கும்."

"கொஞ்சம் கூட நாள் குடுங்க மேடம்..." முதல் தடவையாக அவர் குரல் கெஞ்சியது.

"ஒரு மணி நேரம்கூடக் கிடையாது."

நான்காம் நாளே லைப்ரரியன் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றார். கார் வந்ததே தெரியவில்லை.

இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தீங்களா? கறாரா சொன்னாத்தான் உங்களுக்கெல்லாம் உறைக்குது."

"அதுக்காக மாத்தல மேடம். இனிமே அது தேவைப்படாது."

"அப்புறம் எதுக்குத்தான் மாட்டினீங்க?"

அவர் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார்.

"என் சம்சாரத்துக்கு ரெண்டு வருஷமா காது போய்க்கிட்டே இருக்கு. மிஷின் வெச்சும் பிரயோஜனமில்ல. கல்யாணம் ஆன நாள்லேருந்து, என் வண்டிச் சத்தம் கேட்டு, நான் இறங்கறதுக்குள்ள வந்து கதவைத் திறப்பா. அது கேக்காமப் போனதும் ஆளே ஒடிஞ்சு போயிட்டா. அதான் இதை மாட்டினேன். தெருவே திட்டுச்சு. அவ மறுபடியும் சிரிச்சுக்கிட்டே வந்து கதவைத் திறந்தா."

ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது.

"இப்ப என்ன ஆச்சு சார்?"

"முந்தாநாள் வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தி கால் மணி நேரம் ஆக்சிலேட்டரை மிதிச்சேன் மேடம். தெருவுல அத்தனை பேரும் கதவைத் திறந்துட்டாங்க... உள்ள எனக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருந்த அவ மட்டும் திறக்கல."