விரலழகி

கரையில் ஏத்தி வச்ச வள்ளத்துக்குள்ள இருந்து ஜெனிஸ்டன் நெயில் பொலிஷ் பூசிக்கொண்டிருந்தான். அதுவும் வலக்கைக்கு மட்டும்.

"என்ன மச்சான், காப்பும் வாங்கித் தரட்டோ?" கூட்டாளி நிக்கொலஸ் விழுந்து விழுந்து சிரிச்சான்.

"போடா விசரா. வலை இழுத்து நகம் உடைஞ்சா எப்பிடிடா கித்தார் வாசிக்கிறது?"

இந்தக் கித்தார்ப் பைத்தியத்துக்கு எல்லாம் ஒரு வீடியோதான் காரணம். பழைய மாதா பாட்டொண்டை விரலாலேயே வாசிக்கப் பழக்குற வீடியோ. முகம் தெரியாது, கித்தாரும் கையும்தான். பெருவிரல் தும் தும் எண்டு தனியப் போக, மற்ற விரல்கள் பாட்டைப் பாடும். அந்த நீட்டு நகமும் மினுக்கமும்! பொடியன் கவுந்தே போயிட்டான்.

"நகம் உடையுது, என்ன செய்ய?" எண்டு அந்த வீடியோவுக்கு மெசேஜ் போட்டான்.

"பொறுங்க, கேட்டுச் சொல்றன்" எண்டு வந்தது. கொஞ்ச நேரம் செண்டு, "பொலிஷ் பூசுங்க."

அப்பிடியே கதை வளந்தது. சாப்பிட்டீங்களா, கடல் எப்பிடி எண்டு போய், ஒருநாள் துணிஞ்சு கேட்டான்.

"உங்களைக் கலியாணம் கட்டலாமோ?"

"தலவில கோயில் திருநாளுக்கு வந்து அந்தப் பாட்டைப் பிழையில்லாம வாசிங்க. பிறகு சொல்றன்."

வீட்டில அம்மா சிலாபத்துப் பொம்பிளைக்கு நாள் குறிக்க நிக்கிறா. திருநாளண்டு ஓம் எண்ட பதில் கிடைக்காட்டி ஆள் முடிஞ்சான்.

தலவில கோயிலுக்குப் பின்னால, சனத்துக்கு நடுவில, மணலில் இருந்து வாசிச்சான். ஐயோ, என்ன வாசிப்பு! ஒரு பிழை இல்லை. கச்சான் விக்கிறவர்கூட கை தட்டினார்.

தோளில ஒரு கை விழுந்தது. அதே நீட்டு நகம், அதே மினுக்கம். சந்தோசத்தில துள்ளித் திரும்பினான்.

பெரிய மீசையோட ஒரு மனிசன் நிண்டார்.

"அருமை தம்பி! என்ட வீடியோவைப் பாத்தா பழகினீங்க? கித்தாரை ஒருக்காத் தாங்க."

ஜெனிஸ்டன் மீசையையும் நகத்தையும் மாறி மாறிப் பாத்தான். இந்த மீசையிட்டயா கலியாணம் கேட்டன்! கூட வந்த நிக்கொலஸ் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு மணலில உருண்டான்.

மனிசன் கித்தாரை வாங்கிச் சுருதி பாக்கக் குனிஞ்சார். அவருக்குப் பின்னால நிண்ட பிள்ளை லேஞ்சியால வாயைப் பொத்திக்கொண்டு மெல்லக் கிட்ட வந்தாள்.

"விரல்தான் அப்பாவின்ட. மெசேஜ் போட்டது நான்."