ஏழு பரிசோதனைகள்

மனைவிக்கு இரண்டு நாளாகத் தலைவலி. வேலையிலிருந்து ஓடிவந்த கணவர், கறுப்பு கோட்டைக்கூடக் கழற்றாமல் அவளை டாக்டர் முன் உட்காரவைத்தார்.

டாக்டர் அவரையே பார்த்தார். மூளை ஸ்கேன், முதுகுத்தண்டு நீர் என்று ஏழு பரிசோதனைகள் எழுதினார்.

கணவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "பெரிய வியாதியா, டாக்டர்?"

"எதையும் விட்டுடக் கூடாது, சார். நாளைக்கு யாரும் என்னைக் கேள்வி கேட்டுடக் கூடாது பாருங்க."

மனைவி கணவர் கையை இறுகப் பிடித்தாள். "பிள்ளைங்கள நல்லா பாத்துக்குங்க."

நர்ஸ் படிவத்தை எடுத்தாள். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க, சார்?"

"ஹோட்டல்ல சர்வர்மா. இது யூனிஃபார்ம்."

டாக்டர் சீட்டைப் பிடுங்கிக் கிழித்தார்.

"வக்கீல் இல்லையா? கேஸ் போட்டுடுவீங்களோன்னு எனக்கு உயிரே போச்சு! அப்ப இது சாதா தலைவலிதான்."